ஓலை வாசிக்கும்போது தடை சொல்வது யார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது சங்க அறைக்கு ஒரு தகப்பனார் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவருடைய தகப்பனார் காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்து தாராவியில் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அந்த முறையில் அந்தப் பெண்ணுக்கு நான் சித்தப்பா. அவளுக்கு வயது 24. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. வீட்டு வாடகையில் பாதி அவள் சம்பளத்தில்தான் கழிகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

“தம்பி, இவ ஒரு பையனோட பழகுதா. நான் சொன்னா ஏறல. நீ சொன்னாக் கேப்பா. நாலு நல்ல வார்த்தை சொல்லு” என்று சொல்லிவிட்டு, டீ குடித்து வருவதாக அண்ணாச்சி கீழே இறங்கிப் போய்விட்டார்.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்பது இந்த ஏட்டின் வாசகர்களுக்குத் தெரியும். மெட்ரிக்குலேஷன் வரை படித்து, கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பவன். வேதம் படித்தவன் அல்ல. அப்படிப்பட்டவனிடம் ஒரு விசுவாசி தம் மகளுக்குப் புத்தி சொல்லச் சொன்னால், விவகாரம் வேதத்தைப் பற்றியது இல்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வழக்கமான பஞ்சாயத்து என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதலில் நான் கேட்ட கேள்வி, நம்மில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். “எங்கேம்மா சந்திச்சுக்கிறீங்க?”

“ஸ்டேஷன்ல சித்தப்பா. பிளாட்பாரம் பெஞ்சுல.”

“பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தீங்களா?”

“சீசன் பாஸ் இருக்கே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பதிலில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் இரண்டு வார்த்தை பேசுவதற்கு இந்த மாநகரத்தில் எங்கே போவார்கள்? பணம் உள்ளவன் பிள்ளைக்கு ஓட்டல் இருக்கிறது, கார் இருக்கிறது, தனி அறை இருக்கிறது. அவன் செய்தால் அதற்கு ‘டேட்டிங்’ என்று பெயர். நம் பிள்ளைகள் ரயில் வருவதற்கும் போவதற்கும் நடுவே, ஆயிரம் பேர் பார்க்க, பெஞ்சில் உட்கார்ந்து பேசினால் அதற்கு நாம் வைத்திருக்கிற பெயரை இங்கே அச்சிட முடியாது.

அவள் ஒளிக்கவில்லை. ஒன்றரை வருடமாகப் பழக்கம். இரண்டாவது மாதமே தாயாரிடம் சொல்லியிருக்கிறாள். தாயார்தான் தகப்பனாரிடம் சொல்லப் பயந்து நாளைத் தள்ளியிருக்கிறார். பையன் அதே சபையில், அதே பாடகர் குழுவில் பாடுகிறவன். வாலிபர் கூட்டத்தில் பழக்கமாகி, அதன் பிறகு பெஞ்சுக்கு வந்திருக்கிறார்கள்.

அவள் பேசியதை நான் வீட்டுக்குப் போய்க் குறித்து வைத்தேன். சுருக்கம் இதுதான். தன்னோடு வேலை செய்யும் பெண்கள் கைபேசியில் படத்தைத் தள்ளித் தள்ளி ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாலு வாரம் சுற்றிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறார்கள். அவர்களை அவள் குறை சொல்லவில்லை. “அது அவங்க கணக்கு சித்தப்பா. எனக்கு அது ஒத்துவராது” என்றாள். அதே மூச்சில், ஊரிலிருந்து மாப்பிள்ளை வந்து, கேசரி சாப்பிட்டு, பதினைந்து நிமிடத்தில் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதும் அவளுக்கு ஒத்துவராது. “ரெண்டும் ஒண்ணுதான். அங்க போட்டோ, இங்க கேசரி” என்றாள்.

கல்யாணத்துக்கு முன் உடல் உறவு கூடாது என்பதில் அவள் உறுதியாக இருக்கிறாள். தகப்பனுக்குப் பயந்தோ சபைக்குப் பயந்தோ இல்லை, ஆண்டவர் முன்னால் கொடுக்கிற வாக்குக்குப் பிறகுதான் அது என்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னாள். என்னிடம், ஒரு ஆண்பிள்ளையிடம், கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். நான்தான் மேஜை மேல் கிடந்த ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பையனை எதை வைத்துத் தெரிந்துகொண்டாய் என்று கேட்டேன். கோபம் வந்தால் அவன் யாரிடம் காட்டுகிறான் என்று பார்த்தாளாம். சம்பளத்தை என்ன செய்கிறான் என்று பார்த்தாளாம். ஆள் இல்லாத நேரத்திலும் ஜெபம் பண்ணுகிறானா என்று கேட்டாளாம். “பண்ணுறேன்னு சொல்லல. ‘சில நாள் பண்ணுவேன், சில நாள் தூங்கிருவேன்’னு சொன்னான். அதான் பிடிச்சுது.”

எனக்கு அவளோடு ஒரு இடத்தில் உடன்பாடு இல்லை. பையன் கிறிஸ்தவனாக இல்லாமல் இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். பெஞ்சுக்கே போயிருக்க மாட்டேன் என்றாள். நம் சங்க ஆட்கள் முன்னின்று பதிவு அலுவலகத்தில் நடத்திய மதம் கடந்த கல்யாணங்கள் எத்தனையோ உண்டு. அந்த வீடுகளில் கிறிஸ்துமசும் நடக்கிறது, பொங்கலும் நடக்கிறது. ஆகவே இது குறுகிய புத்தி என்று அவளிடமே சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பிக் கேட்டாள்: “சித்தப்பா, வேலைநிறுத்தத்துல கருங்காலியா வேலைக்குப் போன ஆளு வீட்டுல நீங்க பொண்ணு எடுப்பீங்களா?”

என் தகப்பனார் கேங்மேன். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் வேலை போய், ஜனதா ஆட்சி வந்த பிறகுதான் திரும்ப எடுக்கப்பட்டார். கருங்காலி வீட்டுக் காப்பியைக்கூட அவர் கடைசி வரை குடித்ததில்லை. எனக்குப் பதில் வரவில்லை. நமக்குக் கொள்கை இருப்பது போல் அவளுக்கு விசுவாசம் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கூட இருக்கப்போகிறவர் தன் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும் என்று அவள் நினைப்பதில் நான் குற்றம் காண முடியாது. (அந்த வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ் இளமையில் பாதிரியார் ஆவதற்குச் செமினரியில் படித்தவர். அங்கே குருமார்களுக்கு ஒரு சாப்பாடு, மாணவர்களுக்கு ஒரு சாப்பாடு என்பதைப் பொறுக்காமல் வெளியே வந்தவர். நம் பழைய தோழர்களுக்கு இது தெரிந்த கதை.)

இனி அண்ணாச்சியின் கட்சியைச் சொல்ல வேண்டும். அவர் டீ குடித்துவிட்டு வந்தார். வந்ததும் பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம், 6-ஆம் அதிகாரம் என்றார். விசுவாசியும் அவிசுவாசியும் ஒரே நுகத்தில் பூட்டப்படக் கூடாது என்ற புத்திமதி அங்கே இருக்கிறதாம். சபைகளில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் எச்சரிக்கிறார்கள். எனக்குக் குழப்பமாகிவிட்டது. பையன் அதே சபையில் பாடுகிறவன் ஆயிற்றே, அவன் எப்படி அவிசுவாசி ஆவான்?

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அண்ணாச்சி ஊரில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார். சொந்தத்தில், சொந்தச் சாதியில். கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனால் மாப்பிள்ளை கோயில் பக்கம் போய் வருடக்கணக்காகிறது, குடியும் உண்டு என்று அண்ணாச்சியே ஒப்புக்கொண்டார். கல்யாணம் ஆனால் திருந்திவிடுவானாம். பிளாட்பாரம் பெஞ்சுக்காரனோ ஞாயிறு தவறாமல் கோயிலில் நிற்கிறான். ஆனால் அவனுடைய தாத்தா ஊரில் இருந்தது வேறு தெரு. இரண்டு வீட்டுச் சாதிப் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் தாராவியில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். பையன் வீடு பட்டியல் சாதி என்பதை மட்டும் சொல்லாமல் விட முடியாது, காரணம் பின்னால் வருகிறது.

அந்தப் பெண் தகப்பனாரை எதிர்த்து ஒரு வார்த்தையும் கடுமையாகப் பேசவில்லை. “அப்பா, நுகத்தைப் பத்திப் பவுல் சொன்னது விசுவாசத்தைத்தானே, தெருவை இல்லையே” என்றாள். மோவாப் தேசத்துப் பெண்ணான ரூத் தாவீது ராஜாவின் வம்சத்தில் எப்படி வந்தாள் என்று கேட்டாள். மோசே எத்தியோப்பியப் பெண்ணைக் கட்டியதைக் குறை பேசிய மிரியாமுக்குக் குஷ்டம் வந்ததை நினைவுபடுத்தினாள். அண்ணாச்சிக்கு அவ்வளவும் தெரியும். அந்தக் கதைகளை அவளுக்குச் சின்ன வயதில் மடியில் வைத்துச் சொன்னவரே அவர்தான்.

தோழர்களே, இங்கேதான் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகளின் காதலைத் தடுக்கும்போது வேதத்தைத் தூக்குகிறோம். தடுப்பது உண்மையில் வேதமா, சாதியா?

இது நேற்று முளைத்த நோய் இல்லை. 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே அடியோடு விட்டுவிட வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். பலபேர் சாதியை விடவில்லை, சபையைத்தான் விட்டார்கள். வடக்கன்குளத்தில் இரண்டு சாதிகளும் ஒன்றை ஒன்று பார்க்காமல் பூசை காணும்படி கத்தோலிக்கக் கோயிலையே இரண்டு காலாகப் பிரித்துக் கட்டி, நடுவில் தடுப்பு வைத்தார்கள். அந்தத் தடுப்பை 1910 வாக்கில் ஒரு பாதிரியார் இடித்தபோது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கும் தடுப்புக் கட்சி ஜெயிக்கவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பியதை நாடே அறியும். 2008 மார்ச்சில் எறையூரில், தனி ஆலயம் கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் முற்றி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. கத்தோலிக்க ஆயர்களே 2016-ல் தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஓர் ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். கல்யாண விளம்பரங்களைப் பாருங்கள். சபையின் பெயரும் சாதியின் பெயரும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே வரியில் இருக்கும்.

இந்துக்களாக இருக்கும் நம் உறுப்பினர்கள் இதைப் படித்துவிட்டு மீசையைத் தடவிக்கொள்ள வேண்டாம். அவர்கள் வீட்டில் வேதத்தைத் தூக்குகிறார்கள், நம் வீட்டில் ஜாதகத்தைத் தூக்குகிறோம். 1936-ல் டாக்டர் அம்பேத்கர் சாதி ஒழிப்பு பற்றி எழுதியபோது, சேர்ந்து சாப்பிடுவதால் சாதி போகாது, ரத்தக் கலப்பால்தான் போகும் என்று வாதாடினார். அவர் வீடு கட்டி வாழ்ந்த தாதர் நமக்குப் பக்கத்து ஸ்டேஷன்தான். வருடா வருடம் அங்கே போய் மாலை போட்டுவிட்டு வருகிறோம்.

அண்ணாச்சி அடுத்து எடுத்த ஆயுதம்தான் என்னை உலுக்கிவிட்டது. “அவன் கிறிஸ்தவனே இல்ல தம்பி. சர்ட்டிபிகேட்டைப் பாரு, இந்துன்னு போட்டிருக்கு” என்றார்.

அது உண்மை. ஏன் அப்படி என்பது நம்மில் பலருக்குத் தெரியும். வெளியில் பேசுவதில்லை. பட்டியல் சாதிகளுக்கான 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையில் 3-ஆவது பத்தி இருக்கிறது. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது அது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பவுத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்ததால் ஒருவருடைய தெரு மாறிவிட்டதா? சாக்கடை அள்ளும் வேலை மாறிவிட்டதா? தெரு மாறவில்லை என்று அண்ணாச்சியே சொல்கிறார்! பெண் கொடுக்க மாட்டேன் என்னும்போது அவன் சாதிக்காரன், சர்க்கார் சலுகை என்னும்போது அவனுக்குச் சாதி இல்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. அந்தப் பரிந்துரையை ஏற்று எந்த அரசும் நீக்கவில்லை.

ஆகவே எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் காகிதத்தில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமையில் கிறிஸ்தவராகவும் வாழ்கின்றன. இடம்பெயர்ந்து வந்த நமக்கு இன்னொரு கட்டும் உண்டு. மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்று வாங்க 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்னால் இங்கே இருந்ததற்குத் தடயம் கேட்கிறார்கள். தாத்தா குடிசை போட்டதற்கு யாரிடம் ரசீது இருக்கிறது? ஊருக்குப் போய் வாங்கி வந்த காகிதத்தை வைத்து மத்திய சர்க்கார் வேலைக்குத்தான் முட்டி மோத வேண்டியிருக்கிறது. அந்தப் பையன் ரயில்வே தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான். பட்டியல் சாதிக்கு உள்ள 5 வருட வயதுத் தளர்வு போனால் அவனுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிஞ்சும்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கோயிலில் 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்து, பதிவேட்டில் கிறிஸ்தவன் என்று கையெழுத்துப் போட்டால், நாளைக்கு அந்தக் கையெழுத்தே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். சட்டம் தெரிந்தவன் என்ற முறையில் நான் ஒரு வழி சொன்னேன். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் முடித்துக்கொள்ளுங்கள். 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள், யார் மதத்தையும் யாரும் விட வேண்டியதில்லை. ஜெபத்தைப் பிறகு வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, சபை முன்னால்தான் கல்யாணம் என்றாள். “பொய்யில ஆரம்பிக்க வேண்டாம்னு அவனே சொல்லிட்டான் சித்தப்பா. அவன் தங்கச்சி சர்ட்டிபிகேட் அவ விருப்பம். அவ ஸ்காலர்ஷிப்ல படிக்கா. இவன் பேர்ல மட்டும் கிறிஸ்தவன்னு மாத்திக்கிறானாம். நான் கேக்கல. அவனா சொன்னான்.”

இது சரியா? எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வீடுவீடாகப் பாத்திரம் தேய்க்கும் ஒரு தாயின் மகன், அந்தத் தாய் எதிர்பார்த்திருக்கும் வேலையைத் தன் விசுவாசத்துக்காகப் பணயம் வைக்கிறான். நான் அவன் தகப்பனாக இருந்தால் தடுத்திருப்பேன். அநியாயமான ஒரு சட்டத்துக்கு எதிராக ஏழை பொய் சொல்வதை நான் பாவமாக நினைக்கவில்லை. பாவம் அந்த 3-ஆவது பத்தியில் இருக்கிறது. ஆனால் சர்ட்டிபிகேட்டைக் காட்டி அவனைக் கிறிஸ்தவன் இல்லை என்று சொன்ன அண்ணாச்சியைவிட, சபையில் எத்தனையோ பேரைவிட, அவன்தான் தன் மதத்துக்கு விலை கொடுக்கிறான்.

அண்ணாச்சியை நான் வில்லனாகக் காட்ட விரும்பவில்லை. அவரிடம் இருப்பதில் பாதி சாதி, பாதி பயம். “ஊர்ல அண்ணன் தம்பி வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது தம்பி. தங்கச்சி மகளுக்கு யார் வருவா? அது கூடப் போகட்டும். இந்தப் பையன் ஒரு நாள் ஊர்ப்பக்கம் வந்தா உயிரோட திரும்புவானா?” என்று கேட்டார். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் நடந்ததைப் படத்தோடு பார்த்தோம். 2025 ஜூலையில் அவர் சொந்த ஜில்லாவில், பாளையங்கோட்டையில், பட்டியல் சாதி இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது வந்த இருவரின் கல்யாணத்தில் தலையிட எந்தப் பஞ்சாயத்துக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியாகிவிட்டது. அரிவாளுக்குத் தீர்ப்பு படிக்கத் தெரியாதே என்பது அண்ணாச்சியின் கேள்வி. நான் சொன்னது இவ்வளவுதான்: பயம் பையனின் உயிரைப் பற்றியது என்றால், பையனை ஏற்றுக்கொண்டு பாதுகாக்க வழி தேடுவோம். அவனை விரட்டினால் அதே அரிவாளின் பக்கம்தான் நாமும் நிற்கிறோம்.

இப்படி உபதேசம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

2009-ல் நான் இளம் வயதில் ஒரு வட்டாரத்துக்குச் செயலாளராக இருந்தேன். நம் ஆட்களில் ஒரு பையனும் பெண்ணும் வீட்டை விட்டுப் போய்ப் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்திருந்தார்கள். வேறு வேறு சாதி. அறிவிப்புப் பலகையில் பெயரைப் பார்த்த ஒருவர் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் என்னிடம் வந்தார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாங்களே செய்து வைக்கிறோம் என்றார்கள். நான் நம்பினேன். நம்பினேன் என்று எழுதுவதுகூட எனக்குச் சௌகரியமான வார்த்தைதான். சங்கத்துக்குள் சண்டை வராமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். போய் அந்தப் பெண்ணிடம் பேசித் திரும்ப அழைத்து வந்தேன். அது மட்டும் இல்லை. நாகர்கோவில் வண்டியில் இடம் இல்லை என்றபோது, விண்ணப்பம் எழுதி, அலைந்து, அவசர ஒதுக்கீட்டில் மூன்று படுக்கை வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். ஒன்று தகப்பனுக்கு, ஒன்று தாய்மாமனுக்கு, நடுப் படுக்கை அவளுக்கு. இருபது நாளில் ஊரில் வேறு ஒருவருக்குக் கட்டி வைத்துவிட்டார்கள்.

பல வருடம் கழித்து அவள் என் கவுண்டருக்கு வந்தாள். இரண்டு குழந்தைகள் கூட. படிவத்தை நீட்டினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, மீதிச் சில்லறையை வாங்காமலே போய்விட்டாள். முப்பத்தைந்து ரூபாய். அன்றைய கணக்கில் அதைக் கூடுதல் வரவு என்று எழுதிக் கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க அறையில் உட்கார்ந்திருந்தபோது, எதிரே அலமாரியில் நம் வரன் பதிவேடு இருந்தது. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மணமகன், மணமகள் பார்க்க நாம் பல வருடமாக வைத்திருக்கிற நோட்டு. எடுத்துப் புரட்டினேன். பெயர், வயது, படிப்பு, வேலை, சொந்த ஊர். அடுத்து ‘பிரிவு’ என்று ஒரு கட்டம். உழைக்கும் மக்களின் ஒற்றுமை என்று மாதா மாதம் அட்டையில் அச்சிடுகிற நமது சங்கம், தன் கையால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டம் அது. காலியாக விட்டவர்கள் மூன்று பேர்தான். பென்சிலால் குறித்துவிட்டு, ரப்பரால் அழித்துவிட்டு, மறுபடி பேனாவால் எழுதியவர்களும் உண்டு.

அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று வரும் பொதுக்குழுவுக்கு எழுத்து மூலம் தீர்மானம் கொடுத்திருக்கிறேன். கட்டத்தை எடுத்தால் யாரும் பெயர் பதிய மாட்டார்கள், நிதி குறையும், பிள்ளைகள் காசு கட்டி வெளியே பதியப் போய்விடுவார்கள் என்று நிர்வாகக் குழுவில் சொன்னார்கள். தீர்மானத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்கலாமா என்றும் கேட்டார்கள். தள்ளி வைக்கச் சம்மதிக்கவில்லை. தோற்றால் தோற்கட்டும், கை தூக்கி எண்ணட்டும். யார் கை எந்தப் பக்கம் என்று பிள்ளைகளும் பார்க்கட்டும். பெண்களும் வாலிபர்களும் அன்று கட்டாயம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வழக்கம்போல் ஆண்கள் மட்டும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தால் முடிவு என்னவாகும் என்பது எனக்கு இப்போதே தெரியும்.

அண்ணாச்சி இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஊர் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் எழுதவும் இல்லை. பெண் தினமும் வேலைக்குப் போய் வருகிறாள். பெஞ்சில் உட்காருகிறார்களா என்று நான் கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை டூட்டி முடிகிற நேரத்தில் அவர் என் கவுண்டர் பக்கம் வந்தார். டிக்கெட் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி, ஓலை மூணு வாரமும் வாசிச்சுத்தான் ஆகணுமா, இல்ல ஒரே வாரத்துல முடிச்சிக்கலாமான்னு குருவானவர்ட்ட நீ கேட்டுச் சொல்லேன். நான் கேட்டா ஒரு மாதிரி இருக்கும்” என்றார்.

கேட்டுச் சொல்லிவிட்டேன். மூன்று வாரம்.